ஈரம் போதும் என்ற போன்

அந்த மார்கழியிலும் தையிலும் வீட்டில் உட்காரப் பிடிக்காமல் தினமும் வண்டியை எடுத்துக்கொண்டு திருமுக்கூடல் பக்கம் அண்ணன் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். போய் ஒன்றும் செய்வதில்லை. வரப்பில் நிற்பேன். வெயில் என்மேல் விழும். வேறு யார்மேலோ விழுவதுபோல் இருக்கும்.

வயலை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதிக்கு அண்ணன் தன் வழக்கப்படி தண்ணீர் பாய்ச்சுவார். மறு பாதி, ஆராய்ச்சி செய்ய வந்த பெண்ணுடையது. அதன் நடுவே ஒரு கம்பம். அடியில், மண்ணுக்குள், ஈரம் பார்க்கும் கருவி. உச்சியில் சின்னதாகச் சூரியத் தகடு. ஈரம் போதுமா, மண் காய்ந்துவிட்டதா என்று அண்ணன் போனுக்குச் செய்தி வரும். காய்ந்தது என்று வந்தால்தான் மோட்டார்.

"கண்ணால பாத்துட்டுத் தண்ணி விட்றாதீங்கண்ணே. இந்தப் போகம் கெட்டா எனக்கு வேற போகம் கிடையாது. ஆராய்ச்சியே போயிடும்" என்றாள். அண்ணன் வாக்குக் கொடுத்தார்.

பொங்கலுக்கு அவள் ஊருக்குப் போனாள். ஏர், மோட்டார், டிராக்டர் என்று எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசிய அண்ணி, கம்பத்தையும் விடவில்லை. தகடு முழுக்கக் குழைத்த மஞ்சள், நடுவில் குங்குமம்.

"அதுவும் நம்ப கூடத்தானப்பா வேல செய்யுது? அதுக்கு மட்டும் இன்னா ஓரவஞ்சன?"

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சில நாளில் அவளுடைய பாதி நிலம் காய்ந்து வெடித்தது. "இன்னாடா இது, பொளந்துக்கினு கெடக்குது" என்று அண்ணன் போனை என்னிடம் நீட்டினார். 'ஈரம் போதும்' என்றிருந்தது.

"போதும்னுதான் போட்ருக்குது" என்றேன்.

"வாக்குக் குடுத்துட்டேனேப்பா." போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்தவள் பயிரைப் பார்க்கவில்லை, கம்பத்தைப் பார்த்தாள். தகட்டில் வெயில் படாமல் கருவி எப்போதோ அணைந்துபோயிருந்தது. போன் தனக்குக் கடைசியாக வந்ததையே காட்டிக்கொண்டிருந்தது. அண்ணி முந்தானையால் தகட்டைத் துடைக்கப் போனாள்.

"விடுங்கக்கா."

"நடுவுல உள்ள நாளுக்கு எதனா ஒரு கணக்கு எழுதிக்கோம்மா. நாங்க யாராண்ட சொல்லப் போறோம்?" என்றாள் அண்ணி.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். மாட்டேன் என்றுதான். குனிந்து வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். எழுந்து, "மோட்டார் போடுங்கண்ணே. இனிமே இது ஒங்க வயல்" என்றாள்.

அண்ணன் நகரவில்லை. அண்ணிதான் போய்ப் போட்டாள். தண்ணீர் வந்து வெடிப்புகளுக்குள் இறங்கியது. வெகுநேரம் மேலே ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண் கம்பத்தை ஆட்டிப் பிடுங்கத் தொடங்கியிருந்தாள். ஒரு கை பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். மண் இறுகிக் கிடந்ததால் லேசில் வரவில்லை.