கோல் விழுந்தால்தான் கூட்டத்தைக் காட்டுகிறார்கள்

அண்ணனிடமிருந்து போன் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. குவைத்தில் கட்டட வேலைக்குச் சாரம் கட்டுகிறவன் அவன். வெள்ளிக்கிழமைகளில் கீழ்வேளூர் கடைத்தெருவில் இருக்கும் பாய் கடைக்குப் பேசுவான். அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து காத்திருப்பார்கள். கடைசியாகப் பேசியபோது, "கம்பெனி எங்கள வேற நாட்டுக்கு அனுப்பப் போவுதும்மா. ஏதோ ஸ்டேடியம் வேலை. துருக்கின்னு பேசிக்கிறாங்க" என்றான். அப்புறம் பேச்சே இல்லை. அவன் கொடுத்த நம்பருக்குப் போட்டால் ஒரு பெண் குரல் அரபியில் என்னமோ சொல்லிவிட்டு நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் துருக்கி எங்கே இருக்கிறது என்பது என் பொறுப்பாகிவிட்டது. கல்லூரி நூலகத்தில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். "அங்க சோறு கெடைக்குமா?" என்று அம்மா கேட்டாள். வரைபடத்தில் அது இல்லை.

மே மாதக் கடைசி. ஆற்றில் மணல்தான் ஓடியது. ஐரோப்பாவின் கிளப் அணிகளில் எது சாம்பியன் என்று தீர்மானிக்கும் கால்பந்து இறுதி ஆட்டம் துருக்கியில், இஸ்தான்புல் நகரத்து ஸ்டேடியத்தில் நடக்கப்போவதாகச் செய்தித்தாளில் பார்த்தேன். ஸ்டேடியம், துருக்கி என்ற இரண்டையும் ஒரே வரியில் பார்த்ததும் வீட்டில் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன்.

"அது எப்பவோ கட்டினதுப்பா" என்று அப்பாவிடம் சமாளிக்கப் பார்த்தேன்.

"ஒட்டு வேலை இருக்காதா? வெள்ளை அடிக்கிறதுக்குச் சாரம் வேணாமா?" என்றார் அப்பா. "குடிபோற வீட்டுல கொத்தனாருக்கு வேட்டி துண்டு குடுத்து, மொத பந்தியில உக்கார வச்சுதான் சோறு போடுறோம். அத்தாம் பெரிய கட்டடத்துல வேலை செஞ்சவன உள்ள வுடாமலா இருப்பான்?"

நான் படித்த எதிலும் இந்தக் கேள்வி வரவில்லை.

ஆட்டம் நடு இரவில் நடந்தது. காலையில் கேபிளில் மறுபடியும் போடுவார்கள் என்று பாய் சொல்லியிருந்ததால், மூன்று பேரும் கடைக்குப் பின்னாலிருந்த அவர் வீட்டில் போய் உட்கார்ந்தோம். பாய் இளவயதில் பந்து ஆடியவர்; ராத்திரியே கண் விழித்துப் பார்த்திருந்தார்.

"முடிவச் சொல்ல மாட்டேன்க்கா. பாத்தாதான் தெரியும்" என்றார்.

"முடிவு எனக்கெதுக்கு பாய்? எம் புள்ளையக் காட்டுனானா, அதச் சொல்லுங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன்.

ஆரம்பித்த உடனே வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. அம்மா எழுந்து டிவிக்குக் கிட்டே போனாள். அதற்குள் மறுபடியும் பந்து. இடைவேளைக்குள் வெள்ளைக்கு மூன்று, சிவப்புக்கு ஒன்றுமில்லை. அதற்குள் அம்மாவுக்கு ஆட்டத்தின் விதி பிடிபட்டுவிட்டது.

"கோல் போட்டாத்தான் கூட்டத்தைக் காட்டுறான். யாராச்சும் போடுங்கடா!"

"யாராச்சும்னா எப்புடிக்கா? ஒரு கட்சி வேணாமா?"

"எனக்கு எந்தக் கட்சியும் இல்ல பாய்."

இடைவேளைக்குப் பிறகு நடந்தது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் தலையால் முட்டிக் கோல் போட்டான். திரும்பி ஓடும்போது இரண்டு கையையும் உயர்த்தி உயர்த்திக் கூட்டத்தை எழுப்பிவிட்டான். அந்த மூச்சு அடங்குவதற்குள் இன்னொன்று. பிறகு பெனால்டி, கீப்பர் தடுத்த பந்தை, அதை அடித்தவனே மறுபடி அடித்து உள்ளே தள்ளினான். செத்துப்போன ஆட்டம் மூன்றுக்கு மூன்று. பாய் முடிவு தெரிந்தும் தொடையைத் தட்டிக்கொண்டு கத்தினார். மூன்று தடவையும் கூட்டத்தைக் காட்டினார்கள். மூன்றாவது தடவை அம்மா திரையில் விரலை வைத்தாள்.

"ஏங்க, இந்தா! இந்தா நிக்கிறான்!"

"எங்கடி?"

"சிவப்புச் சட்டை. கையத் தூக்கிக்கிட்டு. பாய், கொஞ்சம் நிறுத்துங்க!"

"இத நிறுத்த முடியாதுக்கா."

போய்விட்டது. அத்தனை பேரும் சிவப்புச் சட்டைதான், அத்தனை பேரும் கையைத் தூக்கியிருந்தார்கள். ஆனால் அம்மாவின் விரலுக்குக் கீழே ஒருவன், இடது தோளைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு நின்றான். அண்ணன் அப்படித்தான் நிற்பான். எனக்கும் அவனைப் போலத்தான் தெரிந்தது. அப்படித் தெரிந்ததில் எனக்குப் பயமாக இருந்தது.

"நீ படிச்சவன், நீ சொல்லு. அவந்தானே?"

"தெரியலம்மா."

"படிச்சு என்னத்தக் கண்ட?" என்றாள். கோபமாக இல்லை, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பெனால்டி அடித்து முடிவு செய்தார்கள். கோட்டின் மேல் நின்று காலை வளைத்து வளைத்து ஆடிய கீப்பரையே கேமரா காட்டியதில் அம்மாவுக்கு ஆத்திரம். "இந்தக் கூத்தாடிய எதுக்குக் காட்டுறான்?" சிவப்பு ஜெயித்தது. அண்ணன் கட்சி ஜெயித்ததாக அப்பா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாய் கடைக்கு போன் வந்தது. அண்ணன்தான். அம்மா எடுத்த எடுப்பில், "சிவப்புச் சட்டை யாருப்பா வாங்கிக் குடுத்தா?" என்றாள். கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினாள். "உன்கிட்ட குடுக்கச் சொல்றான்."

"அம்மா என்னடா சொல்லுது?"

விஷயத்தைச் சொன்னேன். அவன் குரல் இறங்கியது. "நான் எங்கயும் போவலடா. அதே ரூம்லதான் கெடக்கேன். கம்பெனிய மூடிட்டு அரபி போயிட்டான், பாஸ்போர்ட்டு அவன்ட்ட. சொல்லிப்புடாத." பிறகு, "எப்புடி இருந்தேனாம்?"

"கையத் தூக்கிக்கிட்டுக் கத்துனியாம். முகத்துல சதை போட்டிருக்காம்."

அந்தப் பக்கம் யாரோ எண்ணெயில் எதையோ போடும் சத்தம் கேட்டது.

"அம்மாட்ட குடு" என்றான்.

அம்மா வாங்கிக்கொண்டாள். "ஆமாப்பா, பாத்தோம், பாத்தோம். பாய்கூட இருந்தாரு" என்று சிரித்தாள். அவன் அந்தப் பக்கம் என்ன சொல்லிக்கொண்டிருந்தான் என்று தெரியவில்லை. அவன் சொல்லாதே என்றது பாஸ்போர்ட்டையா, குவைத்தையா, இரண்டையுமா என்றும் எனக்குப் புரியவில்லை.

அப்பா என் முழங்கையைத் தொட்டார். "துருக்கியிலதானே இருக்கான்?"

"நல்லா இருக்கானாம்ப்பா" என்றேன்.

அவர் மறுபடியும் அதையே கேட்டார்.