வாரேனுங்க என்றாள் ஜெர்மன்காரி

துடியலூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஜெர்மன் வகுப்பு நடந்தது. என் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பார்ப்பவர். தேங்காய் பன்னைப் பிட்டால் பெரிய பாதியை என் பக்கம் தள்ளுவார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். எனக்கோ அவர்மேல் உயிர். அவருக்கும் அப்படித்தானா என்று தெரியாமல் மண்டை காய்ந்தது. இந்த லட்சணத்தில் அவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து, விசாவும் வந்துவிட்டது. மனிதர் ஒன்றும் கேட்காமலே விமானம் ஏறிவிடுவாரோ என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். நானே கேட்டுவிடலாம்தான். ஆனால் நாக்கு நுனிவரை வந்த பேச்சு, "பன் நல்லா இருக்குதுங்க" என்று மாறிப்போகும்.

வகுப்பின் ஆண்டு விழாவுக்கு ஆசிரியை ஒரு படம் போட்டார். சினிமா பேச ஆரம்பித்த புதிதில் எடுத்த ஜெர்மன் நகைச்சுவைப் படம். பேச்சு கிடைத்துவிட்ட குஷியில் அதில் எல்லோரும் மூச்சுவிடாமல் பேசினார்கள். டெலிபோன் மணி அடித்தால்கூட அதற்கு ஒரு பாட்டு. அன்னூரிலிருந்து பஸ் ஏறி வந்த என் அம்மா முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தார். படம் ஓடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, பென் டிரைவில் இருந்த சப்டைட்டில் வேறு ஏதோ படத்துடையது. கதாநாயகியான தொப்பிக்கடைக்காரி கண்ணாடி பார்த்துச் சிரிக்கிறாள், கீழே கப்பல் மூழ்குகிறது என்று எழுத்து ஓடுகிறது.

ஆசிரியை எங்கள் இருவரையும் பிடித்து ஒரே மைக்கின் முன்னால் தள்ளினார். பெண்களுக்கெல்லாம் நான், ஆண்களுக்கெல்லாம் அவர். தமிழில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இருந்த பதற்றத்தில் எங்களுக்கு எந்தத் தமிழ் வரும்? வீட்டில் பேசுகிற தமிழ்தான் வந்தது.

பியானோ ரிப்பேர் செய்கிறவன் தன்னைப் பெரிய ஜமீன் என்று பொய் சொல்லித் தொப்பிக்கடைக்காரியைக் காதலிக்கிறான். ஓட்டல்காரர் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கும்போது, "ஏனுங்க, நீங்க ஒரு அயோக்கியருங்க" என்றார் என் பக்கத்து நாற்காலிக்காரர். தொப்பிக்கடைக்காரி பூச்சாடியைத் தூக்கி எறியும்போது, "தலைய ஒதுக்கிக்குங்க" என்று நான் சொல்லித்தொலைத்தேன். அரங்கம் கொல்லென்று சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே மைக் என்பதால் அவர் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. படம் முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

பொய் அம்பலமாகிற கட்டம் வந்தது. அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். அவன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான். அவ்வளவுதான் வசனம். எங்கள் ஆளோ திரையைப் பார்க்காமல் மைக்கைப் பார்த்து, "என்கூட ஜெர்மனிக்கு வந்துடறீங்களா?" என்றார்.

"ஏனுங் தம்பி, அவங்க இருக்கறதே ஜெர்மனியிலதானுங்களே?" என்று முதல் வரிசையிலிருந்து அம்மா சத்தமாகக் கேட்டார். கைதட்டல் காதைப் பிளந்தது. கேள்வி தொப்பிக்கடைக்காரிக்கா, எனக்கா என்று நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

திரையில் தொப்பிக்கடைக்காரி, நான் போகிறேன் என்று ஜெர்மனில் கத்தினாள். ஆனால் வாசல் தாண்டும்போது போறேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. சொன்னால் அம்மா அடித்தே போடுவார். பழக்கதோஷத்தில் என் வாயிலிருந்து, "வாரேனுங்க" என்று வந்தது.

அவள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போயே போய்விட்டாள். வருகிறேன் என்றவள் இப்படிப் போகிறாளே என்று அரங்கமே உருண்டது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. காது மடல் சிவந்து என்னையே பார்த்தார். திரையில் கதாநாயகன் கையை விரித்து விரித்து அழுது புலம்பினான். அவனுக்குக் குரல் கொடுக்க நாதியில்லை.

"ஏனுங்க," என்றார் அவர். மைக்கை அணைக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. "இப்பச் சொன்னீங்களே, அது போறதுக்குச் சொல்ற வாரேனுங்களா, வர்றதுக்குச் சொல்ற வாரேனுங்களா?"

அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"வர்றதுக்குத்தானுங்க," என்றேன்.