மடிப்புக் கலையாத சட்டை

தெருவுக்கே அவள் இஸ்திரி அக்கா. கணவன் போன பிறகு தள்ளுவண்டியும் கரிப்பெட்டியும்தான் அவளுக்குச் சோறு போட்டன. கசங்கிய துணியோடு யார் கடந்தாலும் விடமாட்டாள். "என்ன தம்பி, மாடு மென்னு துப்பின சட்டையா இது? கழட்டிக் குடு!"

கூடப்பிறந்தவன் ஒரே தம்பி. மருந்துக்கடைக்காரரைக் குத்திக் கொன்றுவிட்டு ஓடியவன் அவன்தான் என்று எதிர்ச்சாரிப் பூட்டுக்கடைக்காரர் அடையாளம் காட்டினார். வேறு சாட்சி கிடையாது. ஆயுள் தண்டனை. மேல்முறையீடு விசாரணைக்கு வந்த அன்று, அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

சாட்சி ஆளைக் காட்டுவதற்காகக் கைதிகளை வரிசையாக நிறுத்தி ஜெயிலில் நடத்திய அடையாள அணிவகுப்பைப் பற்றி வக்கீலம்மா பேச ஆரம்பித்தார். "வரிசையில நின்ன மத்தவங்க எல்லாம் அழுக்குத் துணியில நின்ன கைதிங்க, ஐயா. என் கட்சிக்காரர் மட்டும் மடிப்புக் கலையாத சட்டையில நின்னார். அன்னிக்குக் காலையிலதான் அது வீட்லேர்ந்து வந்துது."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அனுப்பியவளே அவள்தான். பெரிய மனிதர்கள் முன்னால் கசங்கலோடு நின்றால் பார்த்தவுடனே கொலைகாரன் என்று முடிவு கட்டிவிடுவார்கள் என்று பயந்து, கஞ்சி போட்டுத் தேய்த்து, காவலரிடம் கெஞ்சிக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

மூத்த நீதிபதி பூட்டுக்கடைக்காரரின் பழைய சாட்சியத்தைப் புரட்டினார். "ஓடும்போது ஒரு தடவை திரும்பினப்ப முகத்தைப் பார்த்தாராம். அதுவும் இருட்டற நேரம். அணிவகுப்பில 'இவன்தான் தனியாத் தெரிஞ்சான்'னு வேற சொல்லியிருக்கார்."

"பொய் சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் இல்லையே, ஐயா," என்றார் அரசு வக்கீல்.

"பொய்னு யார் சொன்னா? நம்பித்தான் சொல்லியிருப்பார். நம்பினதெல்லாம் சரியாயிடுமா?"

இரு நீதிபதிகளும் தலைசாய்த்துக் கிசுகிசுத்தார்கள். இந்த அடையாளத்தை மட்டும் நம்பி ஒருவனைச் சிறையில் வைக்க முடியாது, விடுதலை என்று மூத்தவர் சொன்னபோதும் அவள் எழுந்திருக்கவில்லை.

வக்கீலம்மாதான் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். "அழுங்க அக்கா, பரவாயில்ல. ஜெயிச்சுட்டோம்."

"அம்மா, அந்தச் சட்டையாலதான் மாட்டுனான்னு அவனுக்குத் தெரியுமா?"

வக்கீலம்மா பிடித்த கையை விடவில்லை.

"உங்க தம்பிதான் எனக்கே சொன்னார். கூடவே, இன்னிக்கு மட்டும் அக்காவைக் கோர்ட்டுக்கு வரவிடாதீங்கன்னார்."