காலை பத்து மணி விளம்பரம்

இணையவழி விளம்பரம் செய்யக் கற்றுக்கொண்ட சில மாதங்களைப் பற்றி நான் எழுத வேண்டியதாயிற்று. எங்கள் மழலையர் காப்பகம் நிலைத்து நின்றதற்கு என்னுடைய விளம்பரமே காரணம் என்றொரு பேச்சு உறவினரிடையே உலவுகிறது. அது உண்மையன்று, முழுப் பொய்யுமன்று. நடந்ததை முழுமையாக அறிந்தவர்கள் நானும் என் மருமகளுமே. அவளுக்கு எழுத நேரமில்லை. மேலும், அறுபத்தெட்டு அகவையில் இத்துறைக்குள் நுழைபவர் எவ்வகைப் பிழைகளைச் செய்வார் என்பதை நான் பார்த்த பயிற்சிக் குறிப்புகள் எவையும் கூறவில்லை.

என் மருமகள் ஓசூரில் ஒரு மின்னணுப் பொருள் தொழிற்சாலையில் எட்டாண்டுகள் பணியாற்றியவள். மகன் பிறந்தபின் அவனை விட்டுச்செல்ல இடமின்றி வேலையைத் துறந்தாள். என் மகனுக்கும் தொழிற்சாலை வேலைதான். எனக்கோ இரு முழங்கால்களிலும் அறுவை நடந்திருந்தது. தவழும் குழந்தையின் பின்னால் செல்லும் ஆற்றல் இல்லை. அவளுடன் பணியாற்றிய பெண்கள் பலருக்கும் இதே இடர் இருந்தது. தென் மாவட்டங்களிலிருந்து வந்து, கணவனும் மனைவியுமாக ஷிப்டு மாறி மாறி வேலைக்குச் செல்பவர்கள் அவர்கள். ஆகவே, தொழிற்பேட்டைக்குப் பின்புறத் தெருவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்துக் காப்பகம் தொடங்கினாள். காலை ஐந்தரைக்குத் திறந்து மாலை நான்குக்கு மூடுவாள். முதல் ஷிப்டுக்குச் செல்லும் தாய்மாரே அவள் கருத்தில் இருந்தனர்.

இரண்டு மாதங்களில் மூன்று குழந்தைகளே வந்தன. வீட்டு உரிமையாளர் தெலுங்கு பேசும் உழவர், நயமாகப் பேசுபவர். அந்தத் தளத்தைத் தொழிலாளர் விடுதிக்காக வேறொருவர் கேட்பதாகவும், ஓராண்டுக்கு உறுதியாக இருப்போமா என்பதை ஆவணி முடிவதற்குள் கூறவேண்டும் என்றும் தெரிவித்தார். மருமகள் தனக்கே ஒரு வரம்பு வகுத்துக்கொண்டாள். அதற்குள் பத்துக் குழந்தைகள் சேர்ந்தால் தொடர்வது. இல்லையேல் வீட்டை ஒப்படைத்துவிட்டுத் தொழிற்சாலைக்குத் திரும்புவது. அவ்வாறு திரும்பினால், அவளுடைய மகன் ஜவளகிரிக்கு அப்பாலுள்ள அவள் தாய்வீட்டில் வளர்வான். ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கலாம். இதை அவள் ஒரு முறைதான் கூறினாள். கூறும்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற என்னால் ஆகக்கூடியது எழுதுவதுதான். பேருந்து நிலையத்தின் அருகிலிருந்த கணினிப் பயிற்சி நிலையத்தில், சமூக ஊடக விளம்பரத்துக்கான ஆறு வார வகுப்பில் சேர்ந்தேன். உடன் பயின்றோர் பதினொருவர். அனைவருமே என் மாணவர்களின் மாணவர்களாக இருக்கத்தக்க அகவையினர். பயிற்றுநர் தருமபுரியைச் சேர்ந்த பெண். அவர் கூறும் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் நான் குறிப்பேட்டில் தமிழாக்கம் எழுதி வந்தேன். விளம்பரம் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதை ‘எட்டுகை’ என்றும், எவரை நோக்கி விடுக்கிறோமோ அவர்களை ‘இலக்கினர்’ என்றும் குறித்தேன். மூன்றாம் நாள் அவர் அக்குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குதுங்கம்மா. ஆனா திரையில பட்டன் எல்லாம் இங்கிலீஷ்லதான் வரும். அதையும் பக்கத்துலயே எழுதிக்கிடுங்க, இல்லன்னா வீட்டுல போயி முழிப்பீங்க” என்றார். எழுதிக்கொண்டேன்.

நான்காம் வாரத்தில் காப்பகத்துக்கு ஒரு பக்கம் உருவாக்கினேன். குழந்தைகளின் முகங்களை வெளியிடத் தாய்மார் இசையவில்லை. எனவே தூளிகளையும், வரிசையாக அடுக்கிய சிறு செருப்புகளையும் படமெடுத்தேன். விளம்பர வாசகத்தை ஏழு முறை திருத்தினேன். ‘மழலையர் பேணகம்’ என்று தலைப்பிட்டதை மருமகள் படித்துவிட்டு, ‘பேபி கேர்’ என்று கீழே சேர்க்கச் சொன்னாள். மனமின்றிச் சேர்த்தேன்.

அடுத்து இலக்கினரைத் தெரிவு செய்தல். நிலப்படத்தில் ஓர் இடத்தைக் குறித்து, அதைச் சுற்றி எத்தனை கிலோமீட்டர் என்று சொன்னால் ஒரு வட்டம் தோன்றும். அதற்குள் இருப்போரின் கைப்பேசிகளில் விளம்பரம் தெரியும். நான் ஓசூரை நடுவாக வைத்து இருபத்தைந்து கிலோமீட்டர் வகுத்தேன். எந்நேரத்தில் காட்ட வேண்டும் என்றும் அக்கருவி வினவியது. காலை பத்து முதல் நண்பகல் வரை என்று குறித்தேன். நாளிதழை நான் அமைதியாகப் படிக்கும் நேரம் அது. பிறரும் அப்போதே ஊன்றிப் படிப்பார்கள் என்று கருதினேன்.

எட்டுகை நாள்தோறும் உயர்ந்தது. நான் அவ்வெண்களைக் குறிப்பேட்டில் பதிந்து மகிழ்ந்தேன். அழைப்புகளும் வந்தன. பெரும்பாலானவை மாநில எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவை. கன்னடம் கலந்த தமிழில், வேன் அனுப்புவீர்களா என்று வினவினார்கள். வட்டத்தின் வடபகுதி கர்நாடகத்துக்குள் கிடந்ததை நான் எண்ணியிருக்கவில்லை. சானமாவு பக்கத்திலிருந்து அழைத்த ஒரு நிலக்கிழார், குழந்தைகளை மட்டுந்தானா, தம் தந்தையாரையும் பகலில் பார்த்துக்கொள்வோமா என்று கேட்டார். இரண்டு வாரங்களில் ஒரு குழந்தைகூடச் சேரவில்லை.

ஆவணி பிறந்து சில நாள்கள் ஆகியிருந்தன. காப்பகத்தில் நண்பகல் உணவின்போது, விளம்பரம் வெளியாகும் நேரத்தை மருமகள் தற்செயலாகக் கேட்டாள். கூறினேன். அவள் உண்பதை நிறுத்தினாள்.

“பத்து மணிக்கு எந்தப் பொம்பள கையில போன் இருக்கும், அத்தை? கேட்லயே லாக்கர்ல போட்டுட்டுத்தானே உள்ள போறோம். எட்டு வருசம் நீங்க கூப்பிடறப்ப எல்லாம் நான் எடுத்தேனா?”

எடுத்ததில்லை. அதைக் குறித்து என் மகனிடம் நான் முறையிட்டதும் உண்டு. தொழிற்சாலைக்குள் கைப்பேசிக்கு இசைவில்லை என்பது எனக்கு அந்நாளிலேயே தெரியும். தெரிந்ததைப் பயன்படுத்தத் தெரியவில்லை.

முதல் ஷிப்டு இரண்டரைக்கு முடியும். பெண்கள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுவார்கள். சூளகிரி செல்லும் வண்டியில் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பார்கள். திரையைப் பார்ப்பதன்றி வேறு வேலையிராது. பேருந்து நிற்கும் இடங்களை மருமகள் ஒவ்வொன்றாகக் கூற, பெரிய வட்டத்தை அழித்து அவ்விடங்களில் சிறு வட்டங்களை இட்டேன். நேரத்தை இரண்டரையிலிருந்து நான்காக மாற்றினேன். எட்டுகை பாதியாகக் குறைந்தது. அவ்வாரத்தில் இரண்டு குழந்தைகள் சேர்ந்தன.

இரண்டாவதாகச் சேர்ந்த குழந்தையின் தாய் தூத்துக்குடிப் பக்கத்தவர். காப்பகத்தைச் சுற்றிப் பார்த்தார்; குடிநீரைச் சுவைத்தார்; கழிப்பறைக் கதவு உட்புறம் தாழிடுமா என்று சோதித்தார். மறுநாள் தம் பேருந்துக் குழுவுக்குக் குரற்செய்தி ஒன்று அனுப்பினார். அது எங்களுக்கும் வந்து சேர்ந்தது: “ஏட்டி, இங்கன ஒரு அக்கா பிள்ளைகள நல்லாப் பாத்துக்கிடுதாங்க. கூட ஒரு பெரியம்மா இருக்காங்க, டீச்சரு, பேசுனா நமக்குப் பாதிதான் வெளங்கும். ரெண்டாவது ஷிப்டுக்கும் பாக்காங்களாம். போயிப் பாருங்கட்டி.”

என்னைப் பற்றிய பகுதியைக் கேட்டு மருமகள் சிரித்தாள். இரண்டாம் ஷிப்டைப் பற்றிய பகுதி முற்றிலும் தவறு. நாங்கள் அவ்வாறு எங்கும் கூறவில்லை. ஆயினும் அச்செய்தி குழுவுக்குக் குழு பரவியது. மூன்று நாள்களில் ஆறு தாய்மார் வந்தனர். அறுவருமே இரண்டாம் ஷிப்டினர். பிற்பகல் இரண்டரைக்குச் சென்று இரவு பதினொன்றுக்குத் திரும்புபவர்கள். அவர்கள் தேடியும் இதுவரை எங்கும் கிடைக்காதது அந்நேரத்துக் காப்பகமே. மருமகள் மறுநாள் விடை கூறுவதாகச் சொல்லி அனுப்பினாள்.

தவறான செய்தியைத் தாமதமின்றி மறுக்க வேண்டும் என்று வகுப்பில் கற்பித்திருந்தார்கள். நான் அன்றே மறுப்புரை ஒன்றை எழுதி அவளிடம் காட்டினேன். அவள் அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியை என்னிடம் திருப்பித் தந்தாள். பின்னர் வெளியே சென்று யாரிடமோ நெடுநேரம் பேசினாள். பேசியது, முன்பு அவளுடன் பணியாற்றி வேலையிழந்த ஒரு பெண்ணிடம் என்பதைப் பிறகு அறிந்தேன். காலைப் பொழுதை அப்பெண் ஏற்பதாகவும், பிற்பகலிலிருந்து தானே இருப்பதாகவும் முடிவு செய்துவிட்டு உள்ளே வந்தாள்.

“மறுப்பு வேண்டாம் அத்தை. ராத்திரி வரைக்கும் திறந்திருக்கும்னு நேரத்த மாத்திப் போட்டுடுங்க.”

மாற்றினேன். குழந்தைகள் பதினொருவராயினர். ஆவணி முடிய ஐந்து நாள்கள் இருக்கையில் அவள் உரிமையாளரிடம் சென்று ஓராண்டுக்கு உறுதி கூறினாள். அவள் மகன் அவளுடனேயே இருக்கிறான்; இரவு உணவைப் பிற குழந்தைகளோடு வரிசையில் அமர்ந்து காப்பகத்திலேயே உண்கிறான். அவளையும் என் மகனையும் ஒரே வேளையில் வீட்டில் காண்பது அரிதாகிவிட்டது. இதை நன்மையென்றோ தீமையென்றோ நான் வகுக்க முற்படவில்லை.

விளம்பரத்தின் முதல் வடிவத்தை நான் அழித்துவிட்டமையால், நேரங்களையும் தொலைவுகளையும் நினைவிலிருந்தே எழுதியுள்ளேன். அப்பேருந்தில் பயணம் செய்த தாய்மாரோ என் பயிற்றுநரோ இதைப் படிக்க நேர்ந்து, நான் கூறியவற்றுள் பிழையெதையேனும் கண்டால், காப்பகத்துக்கு வந்து சொல்லுங்கள். பிற்பகல்களில் நான் அங்கேயே இருப்பேன், திருத்திக்கொள்வேன்.