சேற்றுக்குள் அசைந்தது

அப்பாவின் அஸ்தியைக் கரைக்க இடம் தேடிக் காலையிலிருந்து அலைந்துகொண்டிருந்தோம். சித்தியவானிலிருந்து வந்திருந்த அண்ணன்தான் கார் ஓட்டினார். துணி கட்டிய மண் கலயம் என் மடியில் இருந்தது. கோலா கங்சார் பக்கம் ஆற்றோரத்தில் எங்கே நிறுத்தினாலும் இறங்கிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி வண்டியில் ஏறுவார்.

“இங்க தண்ணி வேகமா போவுது.”

“ஆறுன்னா போவத்தானேண்ணே செய்யும்?”

“இது ஆழம்லா. வேணாம்.”

ஈப்போவில், ஜெலாப்பாங் தொழிற்சாலையில் எனக்கு மதிய ஷிப்ட். சூப்பர்வைசரின் அழைப்பு பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்கவும் முடியவில்லை, அணைக்கவும் மனமில்லை. கடைசியில் ஒரு மலாய்க்காரர் வலையை உதறிக்கொண்டிருந்த சரிவில், “இங்கயே விட்டுரலாம்ணே” என்று கதவைத் திறந்துவிட்டேன்.

தண்ணீர் பழுப்பாக இருந்தது. சேறு முழங்கால்வரை இழுத்தது. இடுப்பளவு போனதும் அண்ணன் நின்றுவிட்டார். “கால்ல என்னமோ இருக்குடா.”

“கல்லா இருக்கும்.”

“கல்லு அசையுமா?”

நான் அவர் தோளைப் பிடித்தேன். கரையிலிருந்த மனிதர் எழுந்து கத்தினார். “ஜாங்கான் கெராக்! லாபி-லாபி!” அசையாதே என்றார், ஆற்றடிச் சேற்றில் புதைந்து கிடக்கும் மெத்தென்ற ஓடுள்ள ஆமை, மிதித்தால் கடிக்கும், விட்டால் தானே போய்விடும் என்று கையைக் காட்டி விளக்கினார்.

அசையாமல் நின்றோம். கலயத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அண்ணன் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“அப்பாவுக்கு நீச்சல் தெரியாதுடா.”

“என்னாண்ணே?”

“தோட்டத்து வீட்டுல வெள்ளம் வந்தப்ப மேசை மேல ஏறி உக்காந்துட்டாரு. தண்ணின்னா அவருக்கு அவ்ளோ பயம். அவர கொண்டாந்து இதுல விட்டுட்டுப் போறதா?”

அந்த மேசை எனக்கும் நினைவிருந்தது. நாங்கள் இருவரும் அப்பாவின் மடியில் இருந்தோம்.

அண்ணன் சட்டென்று மூச்சை இழுத்தார். காலடியில் இருந்தது நழுவிவிட்டது. கொஞ்ச தூரத்தில் சேறு புகைபோலக் கிளம்பியது. குழாய்போல ஒரு மூக்கு மட்டும் மேலே வந்து, எங்களைப் பார்த்த மாதிரி நின்று, உள்ளே போயிற்று.

“இன்னும் உள்ள போவ வேணாம்” என்றார். கலயத்தை அவரே வாங்கிக் கவிழ்த்தார். சாம்பல் ஓட்டத்தில் கரைந்தது, எலும்புத் துண்டுகள் எங்கள் காலடியிலேயே இறங்கின. அவற்றை மிதிக்காமல் எப்படித் திரும்புவது என்று தெரியாமல் இருவரும் வெகுநேரம் நின்றோம்.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

இப்போதெல்லாம் அண்ணன் அடிக்கடி போன் செய்கிறார். போன வாரமும் அப்படித்தான், எடுத்ததும் ஆரம்பித்தார்: “டேய், அது தொண்டையாலயே தண்ணிக்குள்ள மூச்சு விடுமாம். ரொம்ப நேரம் அடியிலயே கிடக்குமாம். ஒண்ணும் ஆவாதாம்.”

“ஆமைக்காண்ணே?”

ஈப்போவில் மழையா, ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்குமா என்று கேட்டார். பெய்துகொண்டிருந்தது. இல்லை என்றேன்.