அட்டையில் நான் நிரப்பிய வரிகள்

புளியந்தீவில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் நான் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். வருகிறவர்களுக்கு நான் பிசியோ மிஸ். பன்னிரண்டு வருடம் மற்றவர்களின் முதுகைத் தொட்டுப் பழகியவளுக்கு முள்ளந்தண்டைப் பற்றி இனி என்ன சொல்லித் தரப்போகிறார்கள் என்ற நினைப்போடுதான் அந்தத் தொடர்கல்வி வகுப்புக்குப் போனேன். இரண்டு சனிக்கிழமைகள். காலையில் முள்ளந்தண்டு எப்படி இயங்குகிறது என்பது, பின்னேரம் நோயாளிக் குறிப்பு எழுதும் முறை.

முதல் சனிக்கிழமை முடியும்போது, பயிற்றுவிக்க வந்த பெண் ஒரு வேலை தந்தார். சிகிச்சை முடிந்துபோன ஒரு நோயாளியின் குறிப்பு அட்டையைப் பிரதி எடுத்து, பெயரை மறைத்து, அடுத்த வாரம் ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் அலுமாரியைத் திறந்து அட்டைகளைப் புரட்டினேன். ஒன்றையும் வெளியில் காட்ட முடியாது. முதல் நாளுக்கு நாலு வரி. அதன்பிறகு எல்லா நாளுக்கும் ‘முன்போலவே. சூடு, பயிற்சி’ என்று என் கையெழுத்து. கடைசியில், ஆறு தடவை வந்துபோன ஒரு பெண்ணின் அட்டையை எடுத்தேன். உன்னிச்சையிலிருந்து வருகிறவர், ஐம்பது வயதிருக்கும். வயலில் குனிந்து புல் பிடுங்கி இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று வந்தார். ஆறாவது தடவைக்குப் பிறகு வரவில்லை. சுகமாகியிருக்கும் என்று நானே முடிவு செய்து அட்டையை உள்ளே வைத்திருந்தேன்.

வெறுமையாகக் கிடந்த இடங்களை அன்று நிரப்பினேன். அதே நீலப் பேனா. வலியின் அளவு, எவ்வளவு குனிய முடிகிறது, கால் தசைகளின் பலம். நான்காம் நாளுக்கு நேரே ‘கால்களில் உணர்வும் பலமும் இயல்பு’ என்று எழுதத் தொடங்கியபோது அவருடைய குரல் நினைவுக்கு வந்தது. அன்று கட்டிலிலிருந்து இறங்கியவர் சொன்னார்: “மிஸ், இந்தக் காலில செருப்புக் கழண்டு விழுறதும் எனக்குத் தெரியுதில்ல.” வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். புதுச் செருப்பு வாங்குங்கள் அக்கா என்று சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். இது நன்றாக நினைவிருந்தும் அந்த வரியை எழுதி முடித்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை காலை பயிற்றுநர் ஒரு பிளாஸ்டிக் முள்ளந்தண்டை முன்பக்கமாக வளைத்துக் காட்டினார். குனியும்போது முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள வட்டு முன்னால் நெரிபட்டுப் பின்னால் பிதுங்கும், நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிற உடம்பில் அது நரம்பில் போய் அழுத்தக்கூடும் என்றார். பாதத்தைத் தூக்குகிற நரம்பு அழுத்தப்பட்டால் நோயாளி அதை வலி என்று சொல்லமாட்டார். கால் தடக்குகிறது என்பார், செருப்பு நிற்கவில்லை என்பார். அப்படி ஒரு சொல் காதில் விழுந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள் என்றார். எல்லாம் எனக்கு முன்னமே தெரிந்ததுதான். அதனால்தான் அந்தக் கதிரையில் இருக்கமுடியாமல் இருந்தது.

பின்னேரம் என் அட்டையைத் திரையில் போட்டு, இப்படித்தான் எழுத வேண்டும் என்று பாராட்டினார். சிலர் அதைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். பிரதியைத் திருப்பித் தந்தபோது வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அட்டையிலிருந்த தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன். அது வேலை செய்யவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவு, ஆயித்தியமலை என்று போய், விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் முற்றத்தில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டு எழுந்து வந்தார். வலது முழங்காலை உயர்த்தி, பாதத்தைத் தொப்பென்று கீழே போட்டு நடந்தார். அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அவரே சொன்னார். என்னிடம் வருவதை நிறுத்தி இரண்டு மாதத்தில் கால் இழுபட்டதாம். தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒப்பரேசன் செய்தார்களாம். வலி போய்விட்டது, பாதம் மட்டும் எழும்பவில்லை. இவ்வளவு தூரம் பார்க்க வந்தீர்களே என்று என் கையைப் பிடித்தார்.

நான் சொல்லிவிட்டேன். நீங்கள் செருப்பைப் பற்றி அன்று சொன்னீர்கள், நான் சோதிக்கவுமில்லை, எழுதவுமில்லை, இந்த வாரம் பொய்யாக எழுதினேன் என்று.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

“அப்ப நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதுதான்?”

“ஓம் அக்கா.”

“நான் ஒழுங்காச் சொல்லல்ல எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன். டொக்டரும் ஏசினவர், ஏன் முதலே சொல்லல்ல எண்டு. என்ட மனிசனும் நம்பல்ல.” பிறகு என்னை நேராகப் பார்த்தார். “அவர் இப்ப வட்டையால வருவார். அவருக்கும் இத ஒருக்காச் சொல்லிட்டுப் போங்க.”

காத்திருந்தேன். தேநீர் தந்தார். கணவர் வயலிலிருந்து வந்து கால் கழுவியதும், அதே கதையை அவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். அவர் மனைவியின் பக்கம் திரும்பாமல் என்னிடம் கேட்டார்: “அண்டைக்கே அனுப்பியிருந்தா கால் சரிவந்திருக்குமா?”

உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்புக் கூட இருந்திருக்கும் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “இவள் சொன்னவள். நான்தான் பொய் எண்டு பேசினன்,” என்றார். அது என்னிடம் சொன்னதல்ல என்பதால் நான் எழுந்தேன்.

வாசல் படலைவரை கூடவே வந்த அந்தப் பெண்ணிடம், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து காலுக்குப் பயிற்சி தரட்டுமா என்று கேட்டேன். கோபமில்லாமல்தான் பதில் சொன்னார்.

“வேணாம் மிஸ். எனக்கு இனி வேற ஆள் பாக்கட்டும்.”

திங்கட்கிழமை பயிற்றுநருக்குத் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொன்னேன். பொய்யான வரிகளை அழிக்காமல், குறுக்கே ஒரு கோடு இழுத்து, திகதியும் கையொப்பமும் போடச் சொன்னார். படம் எடுத்தவர்களுக்கும் நானே அறிவிக்க வேண்டும் என்றார். வகுப்பின் தொலைபேசிக் குழுவில் எழுதிப் போட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், தானும் இரண்டு இடத்தில் நிரப்பித்தான் கொண்டுவந்ததாகத் தனியாக எழுதினார். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை.

வகுப்பை முடித்ததற்கான சான்றிதழை எனக்குத் தரவில்லை. அடுத்த பிரிவினரோடு அந்த இரண்டு சனிக்கிழமைகளும் மறுபடி இருந்தேன். இம்முறை ஓர் அட்டையை வெற்றிடங்களோடே கொண்டுபோனேன். பயிற்றுநர் ஒவ்வோர் இடமாகக் காட்டி, இது ஏன் இல்லை என்று கேட்டார். கேட்கவில்லை, பார்க்கவில்லை, கேட்கவில்லை என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிக்கொண்டே போனேன்.