ஒற்றைக்காலில் நின்றவர்கள்

ஒத்திகைக்கு முன் என் ஆட்டக்குழுவினர் ஆட்டுத்தோல் மேளத்தை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றினார்கள். அந்த மணம் வந்ததும் இன்றைக்கும் என் கை தானாக வாயைப் பொத்தியது.

எழுபதுகளில், ரொறன்ரோவில் இப்போது கொண்டோ மாடிக்கட்டடம் நிற்கிற இடத்தில் ஒரு லோண்ட்ரி இருந்தது. அதன் பேஸ்மென்ற்றில் ட்ரினிடாட்காரியான மார்லின் அன்ரி சனிக்கிழமை மத்தியானங்களில் தன் ஊர் ஆட்டம் பழக்குவா, அம்மா ஆட்டக்காரருக்குப் பாவாடை தைப்பா, நான் துணிக்குவியலுக்குள் கிடந்து பார்ப்பேன். சத்தம் பொறுக்காமல் யாராவது பொலிசைக் கூப்பிட்டால், சப்பாத்துகள் படியிறங்கிக் கதவடியில் நிற்கும். மேளக்காரர் உள்ளங்கையால் தோலை அமத்துவார், தூக்கிய காலை ஒருவரும் கீழே வைக்கமாட்டார்கள், விசா முடிந்துபோயிருந்த அம்மா என் வாயைப் பொத்தி, "மூச்சு விடாதை, பிள்ளை" என்பா.

இப்போது நான் அமைத்த ஆட்டத்தில் மேளம் நடுவில் நிற்கும். எட்டுப் பெண்கள் ஒற்றைக்காலில் அசையாமல் நிற்பார்கள். சனம் கைதட்டும். நான் கதவைப் பார்ப்பேன்.